உஷார்! புளூடூத் போட்டாலும் ஆபத்துதான்

ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனைச் செருகிக்கொண்டு பேசியபடியே போகிறவர்களை எந்த சிக்னலிலும் பார்க்கலாம். கொஞ்சம் விவரமானவர்கள் புளூடூத் மாட்டியிருப்பார்கள். "கை ரெண்டும் ஹேண்டில்ல, கண்ணு ரோட்டுல. அப்புறம் என்ன?" என்று நம்மையே மடக்குவார்கள். சட்டமும் அவர்களுக்குச் சாதகமாகத்தான் தெரிகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் 2019-ல் செய்த திருத்தம், கையில் பிடித்துப் பேசும் கருவியைத்தான் குறிப்பிடுகிறது. மூளைக்கு இந்தச் சலுகையெல்லாம் தெரியாது!

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. மூளையை ஸ்கேன் செய்யும் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, திரையில் தெரிந்த சாலையில் கார் ஓட்டச் சொன்னார்கள். காதில் சில வாக்கியங்கள் ஒலிக்கும். அவை சரியா, தப்பா என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான், பேசக்கூட வேண்டாம். அதற்கே, ஓட்டுவதற்காக இடத்தையும் தூரத்தையும் கணிக்கும் மூளைப் பகுதியின் வேலை 37 சதவீதம் குறைந்துவிட்டது. வண்டியும் கோட்டைத் தாண்டி அலைபாய்ந்தது. வெறுமனே கேட்டதற்கே இந்தக் கதி என்றால், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு ஓட்டினால்?

யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் பல வருடங்களாக இதையே ஆராய்கிறவர். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியபடி ஓட்டியவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார். சாலையோர விளம்பரப் பலகையைக் கண் நேராகவே பார்த்திருக்கிறது. பிறகு கேட்டால், பார்த்த ஞாபகமே பலருக்கு இல்லை. அந்தப் பலகை இருந்த இடத்தில் பந்தை விரட்டிக்கொண்டு ஒரு குழந்தை ஓடிவந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்.

அவர் குழு 2006-ல் வெளியிட்டது இன்னும் திகில். 40 பேர் மாதிரி வண்டியை ஓட்டினார்கள்: போதையிலும், போனில் பேசியபடியும். போதை என்றால் நம்மூர்ச் சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மோதியவர்கள் மூன்று பேர். மூவருமே மோதியது போனில் பேசும்போதுதான்!

இதில் பெரிய பொல்லாப்பு, தவறவிட்டது எதையும் மூளை நமக்குச் சொல்லாது. காணாமல்போனதே தெரியாததால், எல்லாவற்றையும் பார்த்ததாகவே தோன்றும். "இத்தனை வருஷமா பேசிக்கிட்டேதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே" என்பவரின் தைரியம் இப்படி வந்ததுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதும் பேச்சுதானே என்பீர்கள். குறுக்கே பஸ் வந்தால் அவர் சட்டென்று வாயை மூடுவார், "பாத்து, பாத்து" என்று கத்துவார். போனில் இருப்பவருக்கு பஸ் தெரியாது, "என்ன, லைன்ல இருக்கியா?" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார்.

போனை வைத்துவிட்டதும் கவனம் திரும்பிவிடும் என்றும் நம்பாதீர்கள். கார்களில் வரும் குரல்வழிக் கட்டளை வசதிகளை 2015-ல் சோதித்தபோது, சொல்லி முடித்த பிறகும் சிலவற்றில் 27 விநாடிவரை மனம் சாலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் அது 300 மீட்டர் தூரம். எனவே சிக்னலில் நிற்கும்போது மட்டும் பேசினாலும் பச்சை விழுந்தபின் அரைகுறை மூளையோடுதான் கிளம்புவீர்கள்.

போனை சைலன்ட்டில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். அவசரமா? வண்டியை ஓரங்கட்டுங்கள். நீங்கள் கூப்பிடும்போது மறுமுனையில் ஹாரன் சத்தம் கேட்டால், விஷயத்தை ஆரம்பிக்காமல் உடனே கட் பண்ணுங்கள்.