முதுகு காட்டிக்கொடுக்கும் சீட்டு

2012-இல் லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டம் ஆடி, சுமார் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார் அமெரிக்க ஆட்டக்காரர் பில் ஐவி. சீட்டில் அவர் கீறவுமில்லை, புள்ளி வைக்கவுமில்லை. சீட்டின் பின்பக்க டிசைன் வெட்டுப்பட்ட விதத்தில், இரண்டு நீள ஓரங்களும் நூலளவு வேறுபட்டிருந்தன. ராசி பார்ப்பதுபோல் காட்டி, உயர்ந்த சீட்டுகளை மட்டும் தலைமாற்றித் திருப்பி வைக்கச் செய்தார்கள் அவரும் அவர் கூட்டாளியும். அதன்பின் சீட்டு கவிழ்ந்திருந்தாலும் அவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். விடுதி பணம் தர மறுத்தது. 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்றுதான் என்று தீர்ப்பளித்தது.

சொந்தமாகச் சீட்டு விளையாட்டு வடிவமைப்பவர்கள் முன்பக்க ஓவியத்துக்கு மாதக்கணக்கில் மெனக்கெடுவார்கள். பின்பக்கத்தைக் கடைசி நாளில் ஒப்பேற்றுவார்கள். என்னைக் கேட்டால், முதலில் வரைய வேண்டியது பின்பக்கத்தைத்தான்.

காரணம், கட்டிங். அடுக்கிய தாளில் கத்தி இறங்கும்போது ஒரு மில்லிமீட்டர் விலகுவது சகஜம். பின்பக்கத்தில் 3 மி.மீ. வெள்ளை பார்டர் வைத்திருந்தால், அது ஒருபுறம் 2, மறுபுறம் 4 ஆகிவிடும். எட்ட இருந்தே கண்ணில் படும். பார்டரை எடுத்துவிட்டு, கட்டங்கட்டமான டிசைனை ஓரம் வரை நீட்டினால் ஐவிக்குக் கிடைத்த வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கும். ஓரத்தில் ஒரே நிறம், அதுவும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை நீண்டிருப்பது நல்லது. அந்த நிறம் கருப்பாக இருக்க வேண்டாம். நாலு நாள் கலைத்தால் ஓரம் தேய்ந்து வெள்ளைத் தாள் பல்லிளிக்கும். எந்தச் சீட்டு எது என்று அந்தத் தேய்மானமே சொல்லிவிடும்.

அடுத்தது தாள். விசிட்டிங் கார்டு அடிக்கும் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் விளக்குக்கு எதிரே பிடித்தால் எதிராளிக்கு உள்ளே இருப்பது நிழலாடும். அதனால்தான் சீட்டுக்கென்றே செய்யும் தாளில் இரண்டு படலங்களை ஒட்டி, நடுவே கரிய பசை பூசுகிறார்கள். கிராஃபைட் கலந்த அந்தப் பசை ஒளியை விழுங்கிவிடும். வளைத்துவிட்டால் தாள் நிமிர்வதற்கும் இந்த ஒட்டு உதவுகிறது.

பளபள லேமினேஷன் வேண்டாம். வழவழப்பான இரண்டு பரப்புகள் அழுந்தினால் இடையிலுள்ள காற்று வெளியேறி ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். நல்ல சீட்டில் விரலை ஓட்டினால் துணி நெசவுபோல் நுண்ணிய குழிகள் தட்டுப்படும். அவற்றில் தங்கும் காற்றால்தான் சீட்டு வழுக்கிக்கொண்டு விசிறியாக விரிகிறது.

செலவுக் கணக்கு சுருக்கமாக: ஆப்செட்டில் நான்கு நிறத்துக்கும் தனித்தனி பிளேட் போடுவதால், ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். பத்திருபது கட்டுக்கு டிஜிட்டல் போதும். பெரிய தாள் ஒன்றில் 54 சீட்டு அடங்கும் அச்சகங்கள் பல. உங்கள் விளையாட்டுக்கு 56 என்றால், அந்த இரண்டு சீட்டுக்காக இன்னொரு தாள் ஓடும். இரண்டைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

விளையாட்டு பிடித்துப்போய், அடுத்த வருடம் கூடுதல் சீட்டு அடிக்க நினைத்தால் பழைய வில்லங்கம் திரும்ப வரும். அதே பைல், அதே அச்சகம் என்றாலும் மையின் அடர்த்தி ஒரு ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் கொஞ்சம் மாறும். புதுச் சீட்டின் பின்பக்கம் ஒரு சாயல் வெளிறியோ அடர்ந்தோ இருக்கும். பழையதையும் புதியதையும் கலந்து ஆடுவதானால், பின்பக்கம் ஒளிபுகாத பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஆடுவதே வழி.