தேன்குழலும் 14 இலக்கமும்

தேன்குழல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது செட்டிநாட்டு அடுப்படிகளின் பழைய சட்டம். கைமுறுக்கு சற்றே சிவந்தாலும் மன்னித்துவிடுவார்கள்; தேன்குழல் சிவந்துவிட்டாலோ, தீ அதிகமாயிற்று என்றோ, எண்ணெய் ஏற்கெனவே ஒரு முறை காய்ந்தது என்றோ, கடித்துப் பார்க்காமலே சொல்லிவிடுகிற ஆச்சி ஒருவர் ஒவ்வொரு வளவிலும் இருந்தார். கல்யாணச் சீருக்காக மணகோலமும் சீப்புச்சீடையும் அதிரசமும் தூக்குத் தூக்காகச் சுட்டு அடுக்கிய அந்தக் காலத்தில், பலகாரத்தின் சுத்தத்தைப் பரிசோதிக்கத் தனியாக ஓர் அதிகாரி அவசியப்படவில்லை. சுட்டவரும் உண்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததே போதிய ஜாமீனாக இருந்தது.

பலகாரம் வளவைத் தாண்டிப் பொட்டலமாகிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிரயாணப்படத் தொடங்கிய பிறகு அந்த முகம் மறைந்துவிட்டது. அதன் ஸ்தானத்தில் இப்போது ஓர் எண் அச்சாகியிருக்கிறது.

2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் பிரகாரம் வந்த எண் அது. 2011-ஆம் ஆண்டு விதிகள், வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் வரை வியாபாரம் செய்பவர் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் போதும் என்றும், அதற்கு மேற்பட்டவர் உரிமம் பெற வேண்டும் என்றும் வகுத்தன. எண் என்னவோ இரு சாராருக்கும் 14 இலக்கம்தான். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கிய வருஷம். ஆகவே 224 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பார்த்தால், நம் மாநிலத்தின் ஏதோ ஒரு சிறிய அடுப்பிலிருந்து அது வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

காரைக்குடியில் பலகாரம் சுட்டு விற்கும் ஒரு வீட்டில், பதிவுச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைக் கண்டேன். “இதை மாட்டியாச்சுன்னா பலகாரம் நல்ல பலகாரம்னு அர்த்தமா ஆச்சி?” என்று கேட்டேன். “பலகாரத்துக்கு நான் பொறுப்பு தம்பி, என்னைக் கண்டுபிடிக்கத்தான் அது” என்றார். இந்தச் சட்டத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. பொட்டலத்தின் மேலுள்ள எண், உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு நற்சாட்சிப் பத்திரமன்று; ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் யாரைப் போய்க் கேட்பது என்பதற்கான விலாசமே அது.

எண்ணெயைக் கேட்பதற்குச் சட்டத்தில் வேறு உபாயம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் உண்டாகும் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அது சமையலுக்கு உதவாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி வந்திருக்கிறது. ஆச்சி நிறத்தைக் கொண்டு அறிந்த அதே சங்கதியைத்தான், உணவுப் பாதுகாப்பு அலுவலர் எண்ணெயில் தோய்க்கும் சிறு கருவி எண்ணாக்கிக் காட்டுகிறது. சந்தேகம் வலுத்தால் அவர் மாதிரி எடுப்பார். அதற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. எடுக்கும் பண்டத்துக்கு விலை கொடுத்து, வியாபாரிக்கு எழுத்து மூலம் அறிவித்து, அதை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கும், இரண்டு பங்கு நியமன அலுவலருக்கும் போகும். நான்காவதை, வியாபாரி விரும்பிக் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். குற்றம் சாட்டப்படுபவருக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இவையெல்லாம் நேற்று முளைத்தவை என்று நினைக்க வேண்டாம். சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. நாடு முழுவதற்கும் 1954-இல் ஒன்று வந்தது. பாலில் தண்ணீரையும் நெய்யில் வேற்றுக் கொழுப்பையும் தேடுவதே அவற்றின் பிரதான கவலை. இன்றைய விஷமோ கண்ணுக்கு இனிய நிறத்தில் வருகிறது. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் பஞ்சுமிட்டாயில் இருப்பதை ஆய்வகம் உறுதிசெய்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. கண்டாங்கிச் சேலை நெய்கிற காரைக்குடிக்காரர்களுக்குச் சாயம் சேரவேண்டிய இடம் எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் குழந்தை கையை நீட்டும்போது யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

யோசிப்பவர்களுக்காகச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு காத்திருக்கிறது. அதிகாரியாக இல்லாத சாமான்யரும், தாம் வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதித்து அறிக்கை பெறலாம் என்கிறது அது. சென்னை கிண்டி, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. சொல்வதற்கு நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனாலேயே இப்படியொரு பிரிவு இருப்பது பெரும்பாலோருக்குத் தெரியாமலே கிடக்கிறது. அடுத்த முறை ஒரு பொட்டலம் மனத்துக்குச் சரியாகப் படவில்லையென்றால் கூச்சத்தை விட்டுச் சொல்லிப் பாருங்கள். பண்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால், நீங்கள் கட்டிய கட்டணம் உங்களுக்கே திரும்ப வரும்.