நோக்கின் கெடும் செய்தி

செல்லரித்த ஏட்டில் எழுத்து மறைந்திருப்பின், அந்நூலின் வேறு படிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைத் துணிதல் பதிப்பாசிரியர் வழக்கம். செய்தியை ஓரிடத்தில் மட்டும் வையாது மிகையாகவும் பதிந்து காத்தல் என்னும் இம்முறையே கணிப்பொறிக்கும் அடிப்படையாகும்.

குவாண்டம் கணிப்பொறிக்கோ இவ்வழி அடைபட்டிருந்தது. அதன் அலகாகிய கியூபிட், 0, 1 என்னும் இருநிலைகளும் ஒருங்கு கலந்து நிற்கவல்லது. அக்கலப்பு மிக மெல்லியது. சிறிது வெப்பமோ, ஓர் ஒளித்துகளோ தீண்டினும் குலையும். அது படிப்படியாகக் குலைவதை 1996-இல் பாரிசு நகரில் செர்ஜ் அரோஷ் குழுவினர் சோதனையிற் கண்டனர். ஆதலின், மீக்கடத்தியால் ஆகிய கியூபிட்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு நூற்றில் ஓரிரு பங்கு பாகையே மேற்பட்ட கடுங்குளிரில் வைப்பர். அதுவும் போதவில்லை.

பிழையைத் திருத்துவோமெனின், நோக்கிய அளவிலேயே கலப்பு அழியும். படியெடுப்போமெனின், அறியாத குவாண்டம் நிலையைப் படியெடுத்தல் இயலாதென்பதை 1982-இல் ஊட்டர்ஸ், ஜூரெக், டீக்ஸ் ஆகியோர் நிறுவினர். எனவே, இம்முயற்சி கைகூடாதென்றே அறிஞர் பலர் ஐயுற்றனர்.

1995-இல் அமெரிக்கக் கணித அறிஞர் பீட்டர் ஷோர் வழி கண்டார். ஒரு கியூபிட்டின் செய்தியை ஒன்பது கியூபிட்களில் பின்னிப் பரப்பினார் அவர். இவை ஒன்பது படிகள் அல்ல. செய்தி ஒன்றே, இருப்பிடமே ஒன்பது. ஆகவே, ஒன்று கெடினும் மற்றவற்றினின்று செய்தியை மீட்கலாம்.

கெட்டது எதுவென அறிவது எங்ஙனம்? வினாவும் முறையிலேதான் நுட்பமெல்லாம் உள்ளது. 'நீ 0-வோ, 1-ஓ?' என எதனையும் கேட்பதில்லை. 'நீர் இருவரும் ஒத்துள்ளீரோ?' என்றே இரண்டிரண்டாகக் கேட்பர். மூன்றனுள் முதலதும் இரண்டாவதும் மாறுபட்டு, இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருப்பின், முதலதே புரண்டது என்பது தெளிவு. பிழையின் இடம் வெளிப்படும், செய்தி வெளிப்படாது. அதனால் கலப்பும் குலையாது. கலப்பில் நேரும் வேறுவகைப் பிழையையும் இத்தகைய வினாக்களாலேயே அறிவர்.

எனினும் காவலரும் பிழைபடுவர் அன்றோ? ஒவ்வொரு கியூபிட்டின் பிழையும் ஓர் எல்லைக்கு மேற்படின், காவலரைப் பெருக்குதல் பிழையைப் பெருக்குதலேயாகும். எல்லைக்குக் குறையின் பெருக்குந்தோறும் காவல் வலுக்கும். 2024-இல் கூகுள் நிறுவன ஆய்வாளர், செய்தியை 9, 25, 49 கியூபிட்களில் முறையே பரப்பிப் பார்த்தனர். ஒவ்வொரு படியிலும் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 49 கியூபிட்களிற் பரப்பிய செய்தி, அவற்றுள் மிகச் சிறந்த ஒன்று தனித்துக் காக்கும் காலத்தினும் இருமடங்குக்கு மேல் கெடாது நின்றது.