கருவியோடு கருவி பேசும் காலத்தில் காப்புரிமைப் பரிசீலனை

ஐதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள நாச்சாரம், மருந்து, பொறியியல், மின்னணுவியல் எனப் பலதுறைத் தொழிற்கூடங்களைக் கொண்ட ஒரு தொழிற்பேட்டையாகும். தேசிய ஆய்வுக்கூடங்கள் சில அமைந்துள்ள ஹப்சிகூடாவும் தார்நாக்காவும் இதற்கு அண்மையில் உள்ளன. ரயில்வே சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இரிசெட் நிறுவனமும் 1957 முதல் செகந்திராபாத்தில் இயங்கி வருகிறது. ரயில்கள் மோதிக்கொள்ளாமல் காக்கும் 'கவச்' அமைப்பை, லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி, வடிவமைப்பு, தர நிர்ணய அமைப்புடன் இணைந்து உருவாக்கிய இந்தியத் தொழில் நிறுவனங்களுள் ஒன்றான மேதா சர்வோ டிரைவ்ஸ், நாச்சாரம் தொழிற்பேட்டையைச் சேர்ந்ததாகும்.

கவச் போன்ற அமைப்புகளின் உயிர்நாடி, கம்பியில்லாமல் ஒரு கருவி மற்றொரு கருவியுடன் நடத்தும் உரையாடலே. இத்தகைய உரையாடலில் ஒருவர் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை கோரினால், அரசு அதை எவ்வாறு சீர்தூக்கிப் பார்க்கிறது? அந்தப் பரிசீலனையில் நேரும் பிழைக்கு யார் விலை கொடுக்க நேரிடும்? தொழில் வளர்ச்சியில் அக்கறையுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இவை.

எஞ்சின்கள் பேசும் மொழி

கவச் அமைப்பில் ரயில் எஞ்சினில் ஒரு கருவியும் நிலையத்தில் ஒரு கருவியும் பொருத்தப்படுகின்றன. தண்டவாளத்தின் இடையே சிறு வானொலி அடையாளச் சில்லுகள் பதிக்கப்படுகின்றன. சில்லைக் கடக்கும் எஞ்சின், தான் எந்தத் தடத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்கிறது. முன்னே உள்ள சிக்னலின் நிலையையும், எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதையும் நிலையக் கருவி வானொலி வழியே எஞ்சினுக்குத் தெரிவிக்கிறது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தத் தவறினால் பிரேக் தானாகவே இயங்கும். ஆபத்து வேளையில் ஓர் எஞ்சின் விடுக்கும் அபாயச் செய்தியை அருகிலுள்ள பிற எஞ்சின்கள் நேரடியாகப் பெறவும் இதில் வழி உண்டு.

2020-ஆம் ஆண்டில் இது தேசிய ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2022 மார்ச் 4 அன்று, செகந்திராபாத் கோட்டத்தில் குல்லகூடா, சிட்கித்தா நிலையங்களுக்கிடையே நடந்த சோதனையில், ரயில்வே அமைச்சர் பயணம் செய்த எஞ்சின் எதிரே நின்ற வண்டிக்கு 380 மீட்டர் முன்னதாகவே தானாக நின்றது. 2023-ஆம் ஆண்டளவில் தென்மத்திய ரயில்வேயில் 1,465 கிலோமீட்டர் வழித்தடத்தில் கவச் நிறுவப்பட்டிருந்தது.

நேரடி உரையாடலின் அருமையைச் சிறு கணக்கு ஒன்றால் உணரலாம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு விநாடியும் சுமார் 67 மீட்டர் குறைகிறது. மூன்று கிலோமீட்டர் இடைவெளி 45 விநாடிகளில் மறைந்துவிடும். இரு வண்டிகளின் செய்திகள் ஒரே கணத்தில் ஒரே அலைவரிசையில் எழுந்து ஒன்றையொன்று குலைத்துவிட்டால், அந்த விநாடிகள் வீணாகின்றன. யார் எப்போது பேசுவது, பேசுபவர் யார் என்பதை எவ்வாறு உறுதி செய்வது, அருகில் இருப்பவரை எவ்வாறு கண்டறிவது ஆகிய மூன்று சிக்கல்களைச் சுற்றியே இத்துறையின் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் எழுகின்றன.

இச்சிக்கல்கள் ரயில்வேக்கு மட்டும் உரியவை அல்ல. புளூடூத் முறையின் முதல் வரையறை 1999-இல் வெளிவந்தது. கோபுரத்தின் உதவியின்றிக் கைப்பேசிகள் நேரடியாகத் தொடர்பு கொள்ளும் முறை, நான்காம் தலைமுறைக் கைப்பேசித் தொழில்நுட்பத்தின் உலகளாவிய தரநிலையில் 2015-இல் இடம்பெற்றது. வாகனங்கள் தமக்குள் நேரடியாகப் பேசுவதற்கான ஐந்தாம் தலைமுறை வரையறைகள் 2020-இல் நிறைவு பெற்றன.

சட்டம் வகுத்துள்ள வழி

நம் நாட்டின் காப்புரிமைச் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையே இதற்கு அடித்தளம். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை அந்நாளில் வெளிநாட்டவர் கையில் இருந்தன. இந்நிலை மாறி வருகிறது. 2022-23-ஆம் ஆண்டில் தாக்கலான 82,811 விண்ணப்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை உள்நாட்டவருடையவை.

தெலங்கானாவில் உள்ள விண்ணப்பதாரருக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகமாகும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பின் வெளியிடப்படும். ஆனால் வெளியிடப்பட்டதனாலேயே பரிசீலனை தொடங்கிவிடாது. அதற்கெனத் தனியே வேண்டுகோள் கொடுத்தாக வேண்டும். இதற்கு முன்னர் 48 மாதங்களாக இருந்த கால வரம்பு, 2024 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 31 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

பரிசீலனை அலுவலர் தமது ஆட்சேபங்களை முதல் அறிக்கையாக அனுப்புகிறார். விண்ணப்பதாரர் ஆறு மாதங்களுக்குள் பதில் அளிக்க வேண்டும். மேலும் மூன்று மாத நீட்டிப்புக் கோரலாம். உரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கிய பின்னரும் ஓராண்டுக்குள் தொடர்புடையோர் எதிர்க்கலாம். இவற்றையெல்லாம் கடந்து வழங்கப்படும் உரிமை, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும்.

நான்கு கேள்விகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நிலையத்தின் வானொலி எட்டாத தடப் பகுதியில், ஒவ்வோர் எஞ்சினும் தன் இருப்பிடத்தைக் கொண்டு தான் பேச வேண்டிய கணத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் முறை ஒன்றிற்கு ஒரு சிறு நிறுவனம் உரிமை கோருகிறது எனலாம். பரிசீலனை அலுவலர் முன் நான்கு கேள்விகள் எழும்.

முதலாவது, இது புதியதுதானா? பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளும் 'அலோகா' வலையமைப்பு 1971-இலேயே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கியது. கவச் தோன்றுவதற்கு முன்பே, கொங்கண் ரயில்வே உருவாக்கிய மோதல் தடுப்புக் கருவியில் எஞ்சின்கள் செயற்கைக்கோள் வழியே தம் இருப்பிடத்தை அறிந்து, ஒன்றோடொன்று வானொலியில் தொடர்பு கொண்டன. ஆதலால் 'இருப்பிடத்தை அறிந்த இரு எஞ்சின்கள் நேரடியாகப் பேசும் முறை' என்று பொதுப்படக் கோரினால் அது நிலைக்காது.

இரண்டாவது, துறை அறிந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா? புதியதாக இருந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ள அறிவைக் காட்டிலும் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ, அன்றி இரண்டுமோ இருக்க வேண்டும். அத்துடன் அது வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்தடுத்துள்ள இணைத் தடங்களில் எந்த வண்டி எதில் செல்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியே மட்டும் பிரித்தறிவது கடினம். அந்தக் குறையை ஒரு முறை எதிர்பாராத வழியில் தீர்த்திருந்தால், அங்கேதான் கண்டுபிடிப்பு இருக்கிறது.

மூன்றாவது, சட்டம் விலக்கிய பொருளா இது? கணித முறை, வணிக முறை, வெறும் கணிப்பொறி நிரல், கணிப்பு வழிமுறை ஆகியவற்றிற்குக் காப்புரிமை இல்லை என்கிறது சட்டத்தின் மூன்றாம் பிரிவு. கம்பியில்லாத் தொடர்பின் நுட்பங்களோ பெரும்பாலும் நிரல்களின் வழியே இயங்குகின்றன. நிரல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதனாலேயே ஒரு கண்டுபிடிப்பை ஒதுக்கலாகாது, அது விளைவிக்கும் தொழில்நுட்பப் பயனை நோக்க வேண்டும் என்ற கருத்தை, ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் வலியுறுத்தியது. செய்திகள் மோதுவது குறைந்து பிரேக் விரைவில் இயங்குமானால், அது தாளில் எழுதிய சூத்திரம் அன்று. தண்டவாளத்தில் காணக்கூடிய பயன்.

நான்காவது, விவரம் முழுமையாகக் கூறப்பட்டுள்ளதா? துறை அறிந்த பிறர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கம் இருத்தல் வேண்டும். சமுதாயம் 20 ஆண்டு தனியுரிமையை விட்டுக்கொடுப்பது இந்த அறிவைப் பெறுவதற்காகவே.

அகன்ற உரிமையின் விலை

பரிசீலனை தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் கடல் வழிப் போக்குவரத்து ஒரு பாடம் தருகிறது. கப்பல்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒன்றுக்கொன்று நேரடியாக அறிவிக்கும் தானியங்கி அடையாள முறையை, சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டாயமாக்கியது. பேசும் கணத்தைக் கப்பல்களே தமக்குள் ஒழுங்கு செய்துகொள்ளும் நுட்பம் இதன் அடிப்படை. அந்நுட்பத்துக்கு ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் லான்ஸ் 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். பின்னர் மறுபரிசீலனைக்கு உள்ளான அந்த உரிமையின் கோரிக்கைகள் அனைத்தையும் 2010 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே நீக்கியது. வழங்கியதற்கும் நீக்கியதற்கும் இடையே 14 ஆண்டுகள். அதற்குள் அந்தத் தரநிலை உலகெங்கும் கப்பல்களில் ஏறிவிட்டது.

இந்திய அனுபவமும் உண்டு. எரிக்சன் நிறுவனத்துக்கும் லாவா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் எட்டுக் காப்புரிமைகளை ஆராய்ந்தது. ஏழு செல்லும் எனக் கொண்டு, லாவா ரூ. 244 கோடி செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எஞ்சிய ஒன்று புதுமையற்றதென நீக்கப்பட்டது. தரநிலையில் இடம்பெற்ற நுட்பத்திற்குக் காப்புரிமை இருந்தால், அந்தத் தொழிலில் உள்ள அனைவரும் அதற்குக் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்பதும், ஒருமுறை வழங்கப்பட்ட உரிமையும் தவறாக இருக்கக்கூடும் என்பதும் இதனால் புலப்படும்.

கவச் அமைப்பிலும் இக்கேள்வி எழாமற்போகாது. ஒரு நிறுவனத்தின் எஞ்சின் கருவி மற்றொரு நிறுவனத்தின் நிலையக் கருவியுடன் பேசியாக வேண்டும். அதற்கான பொதுமொழி ஒருவருடைய தனியுடைமையாகிவிட்டால், போட்டி குறைந்து விலை ஏறும். ரயில்வேக்கென 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்க 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ரயில் தொடர்பு கைப்பேசித் தொழில்நுட்பத்தை நோக்கி நகர நகர, அத்தரநிலையைச் சூழ்ந்துள்ள காப்புரிமைகளும் உடன் வரும். பொதுநலன் கருதி அரசுப் பணிகளுக்குக் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும் அதிகாரம் சட்டத்தின் 100-ஆம் பிரிவில் உள்ளது. எனினும், தகுதியற்ற உரிமையை வழங்கிவிட்டுப் பின்னர் அதிகாரத்தால் சரிசெய்வதைவிட, முதலிலேயே அதை மறுப்பது மேல்.

மறுத்தலிலும் இழப்பு உண்டு

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். தகுதியுள்ள கண்டுபிடிப்பு 'வெறும் கணிப்பு வழிமுறை' என்ற ஒரு வரியில் மறுக்கப்பட்டால், பெரிய நிறுவனம் அதைத் தாங்கிக்கொள்ளும். நாச்சாரத்துச் சிறு தொழிற்கூடம் தாங்காது. ஆய்வுக்குச் செலவிட்ட பணத்தை மீட்கவோ, முதலீட்டாளரிடம் காட்டவோ அதற்கு வேறு சொத்து இராது. மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அது காலமும் பொருளும் வேண்டுவது.

ஆகவே விண்ணப்பதாரரும் சில கடமைகளில் விழிப்பாயிருத்தல் நலம். ஒப்பந்தப்புள்ளியிலோ கருத்தரங்கிலோ கண்காட்சியிலோ நுட்பத்தை வெளியிடுமுன் விண்ணப்பிக்க வேண்டும். தவிர்க்க இயலாத நியாயமான பொதுச் சோதனைக்குச் சட்டம் ஓராண்டு விலக்களிக்கிறது என்றாலும், அதை நம்பியிருப்பது அறிவுடைமையாகாது. வெளிநாட்டில் விண்ணப்பிக்க விரும்புவோர் முன் அனுமதி பெறவேண்டும், அல்லது இங்கு விண்ணப்பித்து ஆறு வாரம் பொறுத்திருக்க வேண்டும். இதற்குப் பாதுகாப்புத் துறை தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. உரிமைக் கோரிக்கையில் 'எல்லாக் கருவிகளும்' என்று வலை வீசுவதைவிட, தீர்த்த சிக்கலையும், தீர்த்த வழியையும், அளந்து கண்ட பயனையும் தெளிவாக எழுதுவதே பரிசீலனையில் துணை நிற்கும். விரைவுப் பரிசீலனை கோரும் வாய்ப்பு, புதுத் தொழில் முனைவோருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பெண் விண்ணப்பதாரர்களுக்கும் திறந்தே உள்ளது.

காப்புரிமை அலுவலகத்தின் பொறுப்பும் இதற்கு இணையானது. 2023-24-ஆம் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகள் வழங்கப்பட்டன. எண்ணிக்கை பெருகும்போது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கிடைக்கும் கவனம் குறையாதிருக்கத் துறை அறிவுள்ள அலுவலர்களும், தரநிலை அமைப்புகளின் ஆவணங்களைத் தேடும் வசதியும் பெருக வேண்டும். ரயில்வே, தொலைத்தொடர்பு போன்ற துறைகள் தம் பழைய சோதனை அறிக்கைகளையும் வரையறைகளையும் எளிதில் கிடைக்கச் செய்தால், முன்பே அறியப்பட்டதைப் புதியதெனக் கொள்ளும் பிழை குறையும்.

எஞ்சின்களுக்கிடையிலான பொதுமொழி அனைவருக்கும் உரியதாக இருக்க வேண்டும். அம்மொழியில் ஒரு புதிய வாக்கியத்தை முதலில் அமைத்தவருக்கு அதன் பயன் கிட்ட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பதே காப்புரிமைப் பரிசீலனையின் பணி. அக்கோடு ஒரு பக்கம் சாய்ந்தால் ரயில்வேயும் அதன் வழியே பயணியும் கூடுதல் விலை தர நேரிடும். மறுபக்கம் சாய்ந்தால் நாச்சாரம் போன்ற தொழிற்பேட்டைகளில் ஆய்வு செய்வோரின் ஊக்கம் குன்றும்.