புது லெப்டொப் வாங்க முன் கவனிக்க வேண்டியவை

செயற்கை நுண்ணறிவு படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் வீட்டில் முதலில் கேட்பது கிராபிக்ஸ் கார்ட் உள்ள புது லெப்டொப். "இது அவசியம்தானா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். இலட்சக்கணக்கில் செலவாகும் விடயம் என்பதால், விளங்கிக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

கணினியின் சி.பி.யூ. சிக்கலான வேலைகளைச் சில கோர்களைக் கொண்டு செய்கிறது. கிராபிக்ஸ் கார்டில் உள்ள ஜி.பி.யூ., ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கான சிறு கோர்களில் ஒரே நேரத்தில் செய்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குத் தேவை இத்தகைய கணக்குகளே. 2007இல் என்விடியா நிறுவனம் கூடா மென்பொருளை வெளியிட்ட பின்னர் இப்பயன்பாடு வேகமாக வளர்ந்தது.

இருக்கின்ற லெப்டொப்புக்கே வெளியிலிருந்து இந்த வசதியைக் கொடுக்கலாம். தனி மின்வழங்கியுள்ள ஒரு பெட்டிக்குள் டெஸ்க்டொப் கார்டைப் பொருத்தி, தண்டர்போல்ட் கேபிளால் இணைக்க வேண்டும். ஆனால், யூ.எஸ்.பி.-சி போர்ட் எல்லாம் தண்டர்போல்ட் அல்ல. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போர்ட்டின் அருகே மின்னல் அடையாளம் உள்ளதா என்று பாருங்கள். மொடல் விபரத்திலும் உறுதிசெய்யுங்கள். 2020இல் வந்த எம்1 மெக்புக்கில் ஆப்பிள் இவ்வசதியை நீக்கிவிட்டது.

தண்டர்போல்ட் 3, 4 ஆகியவற்றின் வேகம் விநாடிக்கு 40 கிகாபிட். இதில் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 32. டெஸ்க்டொப்பில் மூன்றாம் தலைமுறை 16 வழி ஸ்லொட்டே ஏறத்தாழ 126 கிகாபிட் தரும். கேம் விளையாடுபவர்களுக்கு இக்குறைவு தெரியும். கணக்கீட்டில் பாதிப்பு பெரும்பாலும் குறைவு. தரவு ஒருமுறை கார்டின் நினைவகத்துக்குள் போய்விட்டால், மீதி வேலை அங்கேயே நடக்கும்.

நினைவகம் போதாவிட்டால்தான் சிக்கல். 700 கோடி பராமீற்றர் கொண்ட மொழி மாதிரிக்கு 16 பிட்டில் சுமார் 14 ஜீ.பி. தேவை, 12 ஜீ.பி. கார்டில் அது அடங்காது. 4 பிட்டுக்குச் சுருக்கினால் 4 ஜீ.பி. அளவில் அடங்கிவிடும். எனவே கார்ட் வாங்கும்போது நினைவகத்தின் அளவை முதலில் பாருங்கள்.

என் ஆலோசனை இதுதான்: ஆரம்பத்தில் கூகுள் கோலாப் போதும். நேரக் கட்டுப்பாடு இருந்தாலும் இலவசமாக ஜி.பி.யூ. கிடைக்கும். அது போதாமல் போகும் அளவுக்குப் பிள்ளை உழைத்தால், தண்டர்போல்ட் உள்ள லெப்டொப்புக்கு வெளிக் கார்ட் பொருத்தலாம். வீட்டில் டெஸ்க்டொப் இருந்தால், அதன் மின்வழங்கி தாங்குமா என்று பார்த்து அதிலேயே கார்டைப் போடுங்கள். பெட்டிச் செலவு மிச்சம். வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. பிள்ளையின் ஆர்வத்துக்குத் தடை போடாமலே அதைத் தவிர்க்க முடியும்.