கடற்கரையில் கிடைத்தது காசா, கல்லா, கசடா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு மாணவன் ஒருவன்)



முதலில் ஒரு பாவத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏறத்தாழ இருநூறு வருஷம் உப்பு மணலில் கிடந்தும் தாக்குப்பிடித்த ஒரு செப்புக்காசை, நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து இருபதே நிமிஷத்தில் ஒழித்துக் கட்டினோம். பயன்படுத்திய ஆயுதங்கள்: எலுமிச்சம்பழ அளவு புளி, ஒரு கைப்பிடி உப்பு, பழைய டூத் பிரஷ் ஒன்று. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மலரில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

கதை புராஜெக்டில் ஆரம்பிக்கிறது. எல்லா பேட்சும் ரோபோ, தண்ணீர்த் தொட்டி அலாரம் என்று போக, நாங்கள் நாலு பேர் மட்டும் மெட்டல் டிடெக்டர் செய்வதாகப் பெயர் கொடுத்தோம். உள்ளதிலேயே எளிய வகை அது. இரண்டு ஆசிலேட்டர்கள். இரண்டும் கிட்டத்தட்ட நூறு கிலோஹெர்ட்ஸில் ஓடும். ஒன்று டப்பாவுக்குள் இருக்கும், மற்றொன்றின் காயில் வெளியே கம்பு நுனியில் தொங்கும். நூறு கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்குக் கேட்காது. ஆனால் இரண்டையும் கலந்தால் வித்தியாசம் மட்டும் ‘ஊங்’ என்று ஹெட்போனில் கேட்கும். காயிலுக்கு எனாமல் கம்பி, அதைச் சுற்ற ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு, கம்புக்கு பி.வி.சி. பைப். அவ்வளவுதான்.

காயிலுக்குக் கீழே செம்போ ஈயமோ அலுமினியமோ வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, காயிலின் இண்டக்டன்ஸைக் குறைக்கும். உடனே அதிர்வெண் ஏறும். இரும்பாணி வந்தால் காந்தத் தன்மையால் இண்டக்டன்ஸ் கூடி அதிர்வெண் இறங்கும். எனவே ஏறினால் ‘நல்ல’ உலோகம், இறங்கினால் இரும்பு என்று கரும்பலகையில் எழுதிவிட்டோம். வைவாவில் பாஸாக அது போதும். கடற்கரையில் போதவில்லை! தகரமூடி மாதிரி தட்டையான இரும்பில் சுழல் மின்னோட்டம் ஜெயித்துவிடும். செம்பு மாதிரியே ‘ஊ...ய்ங்’ என்று ஏறி ஏமாற்றும். முதல் நாள் மட்டும் ஒன்பது சோடா மூடி தோண்டினோம்.

போன இடம் மரக்காணம் பக்கம். முண்டியம்பாக்கத்தில் பஸ் ஏறி திண்டிவனம், அங்கிருந்து இன்னொரு பஸ். உப்பளங்களைத் தாண்டி, ஊருக்குத் தெற்கே ஆள் நடமாட்டமில்லாத கரை. ஈர மணலில் காயிலை வைத்ததும் கருவி பேய் பிடித்தது போலக் கத்தியது. ஒரு நிமிஷம், புதையலே கிடைத்துவிட்டது என்று என் நண்பன் கூத்தாடினான். விஷயம் வேறு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அலை தொட்ட மணல் முழுவதுமே கருவிக்கு ஒரு மெல்லிய உலோகத் தகடு மாதிரி. அலை எட்டாத காய்ந்த மணலுக்கு ஏறிய பிறகுதான் வேலை நடந்தது.

கிடைத்ததையெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். சாக்லேட் காகிதம், மாத்திரை அட்டை, பெல்ட் பக்கிள், இரண்டு ரூபாய்க் காசு மூன்று. நடுவில் சாம்பல் நிறத்தில், கனமாக, பாதி உருகின மாதிரி ஒரு கட்டி. கத்தியால் கீறினால் உள்ளே பளபள. “வெள்ளிடா!” என்றான் நண்பன். அந்த ஞாயிறு முழுக்க அவன் மனசுக்குள் ஒரு பைக் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை லேபில் எடை போட்டோம். உங்கள் எல்லோருக்கும் இந்த முறை உபயோகப்படும், கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் பொருளின் எடை: 170 கிராம். அடுத்து, டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, தராசை பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொருளை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்கவேண்டும். தராசு இப்போது காட்டும் கிராம் எவ்வளவோ, பொருளின் கன அளவு அத்தனை கன சென்டிமீட்டர். 15 காட்டியது. 170ஐ 15ஆல் வகுத்தால் 11.3. வெள்ளி 10.5, ஈயம் 11.3. வலைக்கு அடியில் மீனவர்கள் கட்டும் ஈயக்குண்டு அது! பைக் பஞ்சர்.

ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து ஓடி வந்த கதையை ஆறாம் வகுப்பிலிருந்து கேட்கிறோம். அன்றைக்குத்தான் எனக்கு அதன் அருமை தெரிந்தது. அலுமினியம் 2.7, இரும்பு 7.9, பித்தளை எட்டரை வாக்கில், செம்பு 9க்குக் கொஞ்சம் கீழே, சுத்தத் தங்கம் 19.3. பித்தளை மோதிரம் எத்தனை மினுக்கினாலும் தராசை ஏமாற்ற முடியாது. இந்தச் சோதனையில் பொருளுக்கு ஒரு கீறல்கூட விழாது என்பதைக் கவனியுங்கள். அதன் முக்கியத்துவம் பின்னால் புரியும்.

அடுத்தது ஒரு கறுப்புக் கட்டி. கையளவு, கனம், காந்தம் லேசாக ஒட்டியது. செல்போனில் தேடி, விண்கல் என்று முடிவு கட்டி, பேர்கூட வைத்துவிட்டோம். சர்க்கரை ஆலைக் கொதிகலனில் வேலை பார்த்த என் மாமாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க பாய்லர்ல சாம்பல் உருகிக் கட்டி தட்டுமே, அந்த ஜாதிடா இது. ஆனா எங்களுது காந்தத்துக்கு வராது. பொத்தல் பொத்தலா இருக்குது பாரு” என்றார். அந்தப் பொத்தல்தான் அடையாளம். உருகியபோது வாயுக் குமிழி விட்ட இடம் அது. விண்கல்லில் பொதுவாக அப்படிக் குமிழித் துளைகள் இருக்காது. மெருகு பூசாத ஓட்டின் முதுகில் தேய்த்தும் பார்க்கலாம். மேக்னடைட் கறுப்புக் கோடு போடும், ஹெமடைட் செங்கல் நிறக் கோடு போடும், விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. எங்களுடையது இரும்பு உருக்கிய கசடு, நாட்டு வைத்தியர்கள் பாஷையில் கிட்டம். எந்தக் காலத்து உலையோ! அதைச் சொல்ல அது கிடந்த இடம் தெரியவேண்டும். நாங்களோ பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இடமும் ஞாபகமில்லை.

இப்போது காசு.

இரண்டாவது தடவை போனபோது, ஒரு சாண் ஆழத்தில் கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. தடிமன், ஒழுங்கில்லாத வட்டம், மேலெல்லாம் பச்சையும் பழுப்பும். ஏதோ மேடு பள்ளம் தெரிந்தது. ஹாஸ்டலுக்கு வந்து, அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற ஞாபகத்தில் புளி போட்டோம். பளபளவென்று புதுச் செம்பாக வந்தது. இரண்டு பக்கமும் மொழுமொழுவென்று, ஒரு மூலையில் மட்டும் கொம்பும் காலுமாக ஏதோ ஒரு கீற்று. நாங்கள் பெருமையாக வாட்ஸ்அப்பில் போட்டோம்.

புதுச்சேரியில் பழங்காசு சேர்க்கும் ஒரு பெரியவரிடம் எங்கள் ஆசிரியர் அழைத்துப் போனார். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் தன்னிடமிருந்த ஒரு காசை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்காக அடித்த ‘துது’ என்ற செப்புக்காசு. ஒரு பக்கம் அவர்களுடைய லில்லிப் பூ. மறுபக்கம், நம்பினால் நம்புங்கள், தமிழில் ‘புதுச்சேரி’ என்று எழுத்து! எங்கள் காசில் மிஞ்சியிருந்த கீற்று ‘சே’யின் கொம்பாக இருக்கலாம் என்றார். இருக்கலாம், அவ்வளவுதான். “தம்பி, எழுத்து செம்புல இல்லப்பா. அந்தப் பச்சையிலதான் இருந்துச்சு” என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மண்ணுக்குள் செம்பு அரிக்கும்போது, மேல்பரப்பு மெல்ல மெல்ல உப்புகளாகவும் ஆக்சைடாகவும் மாறுகிறது. ஆனால் உருவம் அந்தப் படலத்துக்குள்ளேயே அச்சடித்தாற்போல நிற்கிறது. அடியில் மிச்சமிருக்கும் உலோகம் வெறும் கட்டைதான். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது. குத்துவிளக்குக்கு அழுக்கு போகிறது. பழங்காசுக்கு முகமே போகிறது. மண்ணை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற தூரிகையால் தட்டிவிட்டு, நிழலில் காயவைத்து நிறுத்தியிருக்க வேண்டும். மீதியை அருங்காட்சியகத்து வேதியியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பெரியவர்தான் “அரிக்கமேட்டைப் போய்ப் பாருங்க, கருவி எடுத்துக்காம போங்க” என்றார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், வீராம்பட்டினத்தை ஒட்டி இருக்கிறது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே டிடெக்டரோடு போய்த் தோண்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். 1769இல் சூரியனை வெள்ளிக் கிரகம் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியல் அறிஞர் லெ ழாந்தீ, இந்தப் பக்கத்து இடிபாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். (பாவம், சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது.) 1930களில் ழூவோ துப்ரெய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியருக்கு இங்கே கிடைத்த மணிகளும் கற்களும் வந்து சேர்ந்தன. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் கருதிய உருவம் செதுக்கிய ஒரு கல்லும் அவற்றில் ஒன்று. ஊரே பேசியது.

ஆனால், இந்த ஊரின் காலத்தைச் சொன்னது அந்தக் கல் இல்லை! 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மண் அடுக்குகளுக்கு நடுவே இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பானையின் ஓடுகள் கிடைத்தன. அந்தப் பானைகளின் காலம் ஐரோப்பாவில் ஏற்கனவே தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. அப்படியானால் அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளும் அதே காலம். தென்னிந்தியாவில் வேறெங்கே அந்த நாட்டுப் பானை கிடைத்தாலும் அதற்கும் காலம் சொல்ல வழி பிறந்தது. பின்னால் 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று தோண்டியவர்கள், ஊர் அதைவிடப் பழையது, பிறகும் நெடுங்காலம் இருந்தது என்று திருத்தினார்கள். அந்தத் திருத்தமும் அடுக்குகளைப் படித்து வந்ததுதான். யோசித்துப் பாருங்கள், ஓட்டுக்கு எங்கள் கருவி ஒரு முனகல்கூட முனகாது. மரக்காணத்தில் காசுக்காக ஒரு சாண் குழி பறித்தபோது எத்தனை ஓடுகளை நாங்கள் தூக்கி எறிந்தோமோ!

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்தேன். கண்ணாடி மணியா, கல்மணியா என்று லென்ஸிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கியதால், அதற்குள் காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். சூதுபவளம் போன்ற கல்லில் குமிழி இருக்காது. துளை போட்ட தடம் தெரியும். கரையில் தனியாகக் கிடைக்கும் சிவப்புக் கல்லுக்கு மறுபடி தராசுதான். கார்னெட் 4 பக்கம் வரும், சூதுபவளம் 2.6, கண்ணாடி இரண்டரை. கண்ணாடியும் சூதுபவளமும் நெருக்கமாக வருவதால் அங்கே லென்ஸும் வேண்டும்.

அன்று திரும்பும்போது கடற்கரையில் ஒரு கூழாங்கல் கிடைத்தது. பழுப்பு நிறம், நீளவாக்கில் விறகு மாதிரி இழை. கருவி வேண்டியிருக்கவில்லை, பள்ளிக்கூட நாளில் திருவக்கரைக்கு சுற்றுலா போனவன் நான். அங்கே சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் உடம்பில் சிலிக்கா புகுந்து, இழை மாறாமல் குவார்ட்ஸாகிவிட்டது. கண்ணாடியைக் கீறும், 2.6 எடை வரும், நிஜ மரம் போல மிதக்காது. நம்ம விக்கிரவாண்டிப் பக்கம் வீடூர் அணையில் தேங்குகிற சங்கராபரணி, திருவக்கரை வழியாகத்தான் ஓடி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. கூழாங்கல் அப்படி உருண்டு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். போட்டோ எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. துருப்பிடித்த உருளை, மூடி இறுகிய டப்பா, குண்டு மாதிரி எது தெரிந்தாலும் தட்டிப் பார்க்காதீர்கள். தள்ளி நின்று 112க்கு போன் போடுங்கள். மெழுகு மாதிரி சாம்பல் நிறக் கட்டி கிடைத்து, யாராவது ‘அம்பர், கோடி ரூபாய்’ என்றால் ஓடிவிடுங்கள். திமிங்கிலத்தின் அந்தப் பொருளை வைத்திருப்பதே 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டம் என்றதும் எங்களுக்கே உதறல் எடுத்தது. 1878ஆம் வருஷப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், என்ன பொருள், எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்று ஆட்சியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம்வரை சிறை. புளி போடுவதற்கு முன் அந்தக் காசு எவ்வளவு பெறுமோ தெரியாது; இப்போது பத்து ரூபாய் தேறுமா என்பதே சந்தேகம். இருந்தாலும் துறைத்தலைவர் சொன்னபடி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஆட்சியருக்கு மனு எழுதினோம். ‘கிடைத்த இடம்’ என்ற வரியில்தான் மாட்டிக்கொண்டோம். ஒருவன் சவுக்குத் தோப்புக்கு வடக்கே என்றான், இன்னொருவன் தெற்கே என்றான். கடைசியில் அடுத்த ஞாயிறு நாலு பேரும் மறுபடி பஸ் ஏறிப்போய், நாங்கள் மூடாமல் விட்டிருந்த குழியைத் தேடிப் பிடித்து, செல்போனில் அட்சரேகை தீர்க்கரேகை குறித்துக்கொண்டு, குழியை மூடிவிட்டு வந்தோம்.

கருவி இப்போது எலெக்ட்ரானிக்ஸ் லேபில் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. ஜூனியர்கள் கேட்டு வாங்கலாம். ஹெட்போனில் இடது பக்கம் வேலை செய்யாது.