எஸ்பிரஸோ மெஷினுக்கு முன் கிரைண்டரைப் பாருங்கள்

வளைகுடா நாடுகளில் வசிக்கும் நம்மவர்களின் வீடுகளில் சிறிய எஸ்பிரஸோ மெஷின்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். வாங்கிய புதிதில் தினமும் ஓடும். பிறகு, "கடையில் குடிப்பது போல் வரவில்லை" என்று துணி போட்டு மூடி வைத்துவிடுவார்கள். பழி மெஷின் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு மெஷினில் இல்லை, அதற்குள் போகும் தூளில்தான் இருக்கிறது.

எஸ்பிரஸோ என்பது சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளின் ஊடே செலுத்தி எடுப்பது. பொதுவான கணக்கு 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 25 முதல் 30 நொடி. இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், மெஷின் தண்ணீரைத் தள்ள மட்டுமே செய்கிறது. அதைத் தடுத்து நிறுத்தி நிதானமாக இறங்கச் செய்வது தூள்தான். தூள் கொரகொரப்பாக இருந்தால் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நொடியில் ஓடிவிடும். காபி புளிக்கும், சப்பென்று இருக்கும். மிக நைஸாக இருந்தால் சொட்டுச் சொட்டாக விழும், கசக்கும். நம் டிகாக்‌ஷன் ஃபில்டரில் தண்ணீர் தானாக இறங்குவதால் தூளில் சிறு வித்தியாசம் இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. எஸ்பிரஸோ அப்படி விட்டுக்கொடுக்காது.

முதலில் செலவு மிச்சமாகும் ஒரு செய்தி. விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில், அடியில் ஒரே ஒரு சிறு துளை உள்ள இரட்டைச் சுவர் வடிகூடை வரும். தூள் எப்படியிருந்தாலும் இந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கி நுரையைக் கொடுத்துவிடும். கடையில் அரைத்த தூளை இதில் போட்டுப் பால் சேர்த்துக் குடிப்பது உங்களுக்குப் போதுமென்றால், கிரைண்டருக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். அடி முழுக்க நுண்துளைகள் உள்ள ஒற்றைச் சுவர்க் கூடைக்கு மாற விரும்புகிறவர்களுக்குத்தான் இனி சொல்லப்போவது.

வீட்டில் மிக்ஸி இருக்கிறதே என்று கேட்கலாம். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும், ஒரே அளவாக அரைக்காது. தூசியும் குருணையும் கலந்து கிடப்பதால் ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும். துருக்கிக் காபிக்கான பித்தளைக் கை மில்லும் சரிப்படாது. அது எஸ்பிரஸோவை விட நைஸாக அரைப்பதற்காகச் செய்யப்பட்டது. அளவைத் துல்லியமாக மாற்றுவது சிரமம். தேவைப்படுவது 'பர்' கிரைண்டர். பல் வைத்த இரண்டு உலோகப் பகுதிகளின் இடைவெளியில் கொட்டை நசுங்கி, ஏறக்குறைய ஒரே அளவாக வெளியே வரும்.

பர் கூம்பு வடிவமா தட்டை வடிவமா என்று இணையத்தில் நடக்கும் விவாதங்களை வீட்டு உபயோகத்துக்கு ஒதுக்கிவிடலாம். இடைவெளியை எவ்வளவு சிறிது சிறிதாக மாற்ற முடிகிறது என்பதே முக்கியம். கமாண்டன்டே சி40 நல்ல கைக் கிரைண்டர்தான். ஆனால் ஒரு கிளிக்குக்கு 30 மைக்ரான் நகர்கிறது. எஸ்பிரஸோவுக்கு அது பெரிய தாவல். அதனால்தான் அந்த அளவைப் பாதியாக்கும் 'ரெட் கிளிக்ஸ்' என்ற பாகம் தனியாக விற்கப்படுகிறது. கிங்கிரைண்டர் கே6-இல் ஒரு கிளிக் 16 மைக்ரான், 1ஸெட்பிரஸ்ஸோ ஜே-மேக்ஸில் 8.8 மைக்ரான். மின்சாரக் கிரைண்டரில் பெயரை வைத்து ஏமாறாதீர்கள். பராட்ஸா என்கோர் வேறு, என்கோர் இஎஸ்பி வேறு. பின்னதில்தான் 40 படிகளில் முதல் 20 எஸ்பிரஸோவுக்கென்றே நெருக்கமாக வைக்கப்பட்டுள்ளன.

கையா, மின்சாரமா? கைக் கிரைண்டரில் மோட்டாருக்குப் பணம் போவதில்லை. கொடுத்த காசு பர்ருக்கே போகிறது. ஒருவர் இருவர் குடிக்கும் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். சஹர் நேரத்தில் அரைத்தாலும் பிள்ளைகள் விழிக்க மாட்டார்கள். ஆனால் விருந்தாளிகள் ஆறு பேர் வந்தால், ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்றிக் கை ஓய்ந்துவிடும். பெரிய குடும்பத்துக்கு மின்சாரமே சரி.

அடுத்து உபயோகிக்கும் முறை. 0.1 கிராம் காட்டும் சிறு தராசு கட்டாயம் தேவை. கொட்டையின் எடையையும் இறங்கும் காபியின் எடையையும் மாற்றாமல், அரைப்பு அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். 36 கிராம் 17 நொடியில் இறங்கினால் கொஞ்சம் நைஸாக்குங்கள். 40 நொடி ஆனால் கொஞ்சம் தளர்த்துங்கள். மின்சாரக் கிரைண்டரை நைஸாக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடையில் சிக்கிய கொட்டை பர்ரை அழுத்தும். மாற்றிய பிறகு வரும் முதல் சில கிராம் பழைய அளவில் அரைபட்டு உள்ளே தங்கியது. அதைக் கொட்டிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். கொட்டையை மாற்றினாலும், அதே கொட்டை நாள்பட்டுப் போனாலும் அளவு மாறும்.

நைஸாக நைஸாகச் சத்து கூடுதலாக இறங்கும் என்று நினைப்பதும் சரியல்ல. 2020-இல் 'மேட்டர்' என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை, ஓர் அளவுக்கு மேல் நைஸாக்கினால் தூள் ஆங்காங்கே அடைத்து, தண்ணீர் சில இடங்களில் மட்டும் பாய்கிறது என்று காட்டியது. தூளைச் சற்றுக் குறைத்து, சற்றுப் பெரிதாக அரைத்தபோது ஒவ்வொரு கோப்பையும் ஒரே மாதிரி வந்தது.

அரைத்த தூள் பாத்திரத்தில் ஒட்டிப் பறப்பது நிலைமின்சாரத்தால். அரைக்கும் முன் ஈரக் கரண்டிக் காம்பால் கொட்டையை ஒரு முறை கிளறினால் போதும். ஓரிகன் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் இதை ஆராய்ந்தபோது எரிமலை ஆய்வாளர்களும் சேர்ந்திருந்தனர். எரிமலைச் சாம்பலும் இதே போல் உரசி மின்னேற்றம் பெறுவதுதான் காரணம்!

மலேசியக் கோப்பிக்காகச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையை இதில் போடாதீர்கள். பர்ரில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எஃகு பர்ரைத் தண்ணீரில் கழுவினால் துருப்பிடிக்கும். தூரிகையால் துடைத்தாலே போதும். துடைக்காமல் விட்டால் கொட்டையின் எண்ணெய் சிக்கடித்து அடுத்த கோப்பையில் தெரியும்.

அமெரிக்காவிலிருந்து யாரிடமாவது சொல்லி வரவழைப்பதாக இருந்தால், அங்கே 120 வோல்ட், இந்தியாவில் 230 வோல்ட். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல் மின்சாரக் கிரைண்டரை வாங்க வேண்டாம். கைக் கிரைண்டருக்கு இந்தக் கவலை இல்லை.